கூட்டம் வந்த நாளும் ஃப்ரிட்ஜ் காலியான நாளும்

வேலூரில் எங்கள் ரத்த வங்கியின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை கேட்கும். பார்க்க முடியாது, நடுவில் ஒரு கல்யாண மண்டபமும் நாலைந்து தென்னை மரங்களும் மறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் கேட்கும். நைட் டியூட்டி பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் டிரைவர்கள் கண் அசருவார்கள். மூன்றரைக்கு போன் அடித்தால், எடுக்கும் முன்பே என் இடது கை ஓ பாசிட்டிவ் தட்டுப் பக்கம் போயிருக்கும்.

2020 மார்ச் 24 ராத்திரி அந்தச் சத்தம் நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கே தமிழ்நாட்டில் 144, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தெருநாய் குரைப்பது பாகாயம் வரைக்கும் கேட்கும் போலிருந்தது. அப்போது என் மனசில் ஓடியதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டி இல்லை, அதனால் விபத்து இல்லை. விபத்து இல்லை, அதனால் ரத்தம் செலவாகாது. காலையில் எங்கள் இன்சார்ஜ் மேடத்திடம் சொன்னேன்: “இனிமே ஸ்டாக் வழிஞ்சு கெடக்கும் பாருங்க மேடம்.”

அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த கேலண்டரைப் பார்த்தார். ஏப்ரல் மாதத்தில் மூன்று கட்டங்களில் அவர் கையெழுத்தில் காலேஜ் பெயர்கள் இருந்தன. ரத்ததான முகாம்கள். பேனாவை எடுத்து மூன்றையும் அடித்தார்.

இரண்டு வாரத்தில் ஃப்ரிட்ஜ் காலி.

எனக்குப் புரியாமல் போனது இதுதான். ஃப்ரிட்ஜுக்கு வெளியே போகிற வழியை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வருகிற வழி அடைபட்டதைப் பார்க்கவில்லை. வேலூரைச் சுற்றியிருக்கும் காலேஜ்கள் மூடியாகிவிட்டது, ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனிகள் மூடியாகிவிட்டது, வருடா வருடம் தலைவர் பிறந்தநாளுக்கு முகாம் நடத்தும் ரசிகர் மன்றத்துக்காரர்கள் வீட்டுக்குள். ரத்தம் அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கிற சரக்கும் இல்லை. சிவப்பணுப் பை 42 நாள் தாங்கும். அதில் ஊற்றியிருக்கும் திரவத்தைப் பொறுத்துச் சிலது 35 நாள்தான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுக்கு வெறும் 5 நாள், அதையும் ஆட்டிக்கொண்டே இருக்கும் மெஷினில் வைக்க வேண்டும். பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீரை, உறைய வைத்தால் ஒரு வருடம் கிடக்கும்.

வெளியே போகிற வழி மட்டும் நான் நினைத்த மாதிரி அடைபடவே இல்லை. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள், சரி. நெடுஞ்சாலைக் கேஸ்கள் குறைந்தன, அதுவும் சரி. ஆனால் பிரசவம் ஊரடங்குக்குக் கட்டுப்படுமா? கர்ப்பிணிகள் பஸ் இல்லாமல், ஆட்டோ கிடைக்காமல், நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். நேரம் கழித்து வந்தால் ரத்தப்போக்கு அதிகம். ரத்தப் புற்றுநோய் வார்டு எப்போதும்போல் கேட்டது. அப்புறம் தலசீமியா பிள்ளைகள், பிறவியிலேயே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாதவர்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா. பெண்ணுக்கு ஏழு வயது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றியாக வேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் பிளாஸ்டிக் பையில் பிள்ளையின் ஃபைலைத் தொங்கவிட்டு, பின்னால் துப்பட்டாவால் பிள்ளையைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு வருவார். வழியில் எத்தனை செக்போஸ்ட் இருந்ததோ அத்தனை இடத்திலும் அந்த ஃபைலைத் திறந்து காட்டியிருக்கிறார். கவுண்டரில் வைத்தபோது அட்டையின் ஓரம் கிழிந்து, போலீஸ்காரர்களின் சானிடைசர் பட்டு நீல மை கரைந்திருந்தது. “ஒரு பாட்டில் இருக்கா சார்?” என்றார். ரத்தம் கண்ணாடி பாட்டிலில் வந்த காலம் போய் எத்தனையோ வருடமாகிறது, எங்கள் ஊரில் இன்னும் பாட்டில்தான். அன்றைக்கு பி பாசிட்டிவ் தட்டில் இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மீதியிருந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு ராத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு பி பாசிட்டிவ் வந்தால்?

வெளியாட்களுக்கு இது தெரிவதில்லை. விபத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ், பிரசவத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் என்று எங்களிடம் கிடையாது. ஒரே ஃப்ரிட்ஜ்தான். ஏழு வயதுப் பெண்ணும், இன்னும் விபத்தில் சிக்காத ஒரு ஆளும் ஒரே தட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

வேலூருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே வைத்தியத்துக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் வடக்கிலிருந்து, வடகிழக்கிலிருந்து வருகிறவர்களோ என்று எனக்குத் தோன்றும். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம். காந்தி ரோடு லாட்ஜ் சந்துகளில் நடந்தால் பெயர்ப்பலகையெல்லாம் வங்காளியில் இருக்கும். நோயாளிக்கு ஏற்றிய ரத்தத்துக்குப் பதில் சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்று கேட்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். ரயில் நின்றுபோன காலத்தில், மனைவியை வார்டில் விட்டுவிட்டு லாட்ஜில் தனியாகக் கிடக்கிறவரிடம் யாரைக் கூட்டி வரச் சொல்வது? ஆனாலும் அந்த லாட்ஜ் சந்துகளிலிருந்தே ஆள் வந்தார்கள். தான்பாத் பையன் ஒருத்தன், அம்மாவின் வைத்தியத்துக்காக வந்து மாட்டிக்கொண்டவன், யாரென்றே தெரியாத ஒரு அசாம்காரருக்காகக் கை நீட்டினான். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து ஜார்கண்டுக்குச் சிறப்பு ரயில் விட்டபோது அவன் போயிருப்பான் என்று நினைக்கிறேன். நல்லதுதான். எனக்கு ஒரு டோனர் குறைந்தது.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியது. மேல்விஷாரத்திலிருந்து நாலு பையன்கள், பாஸ் வாங்கிக்கொண்டு, நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு ராத்திரி எட்டரைக்கு வந்தார்கள். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காதவர்களிடம் உடனே ரத்தம் எடுக்க எனக்குப் பயம். “இன்னா சார், கஞ்சி குடிச்சிட்டுதானே வந்துகிறோம்” என்று ஒருத்தன் சிரித்தான். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, ஒன்பதரைக்கு எடுத்தோம். நாலு பை. அந்த வாரம் நாலு பை என்பது பெரிய சொத்து.

மே 7. சென்னையைத் தவிர்த்து மற்ற ஊர்களில் டாஸ்மாக் திறந்த நாள். நாற்பது நாளுக்கு மேல் வறண்டு கிடந்தவர்கள் காலையிலேயே வரிசையில் நின்றார்கள். மத்தியானம் டியூட்டிக்கு வரும்போதே பார்த்தேன், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட வரிசை. அன்று ராத்திரி ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேஷுவாலிட்டியிலிருந்து மூன்று சாம்பிள் வந்தது. இரண்டு பைக். ஒன்று கத்திக்குத்து. அடங்கிக் கிடந்த ஒன்றரை மாதத்தின் பாக்கியை ஒரே ராத்திரியில் வசூல் செய்வது போலிருந்தது.

அதில் பைக்கில் வந்த பையனுக்கு மண்ணீரல் கிழிந்திருந்தது. இந்த மாதிரிக் கேஸில் ரத்த வங்கிக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முறைப்படி கிராஸ் மேட்ச் செய்ய, அதாவது பையிலுள்ள ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க, முக்கால் மணி நேரம் ஆகும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவனுக்கு முக்கால் மணி நேரம் கிடையாது. டாக்டர் படிவத்தில் ‘கிராஸ் மேட்ச் இல்லாமல் கொடுக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆண் என்பதால் ஓ பாசிட்டிவ். இளம்பெண் என்றால் ஓ நெகட்டிவ் தேட வேண்டும், அவளுக்குப் பிற்பாடு பிறக்கப்போகும் பிள்ளைக்காக. நம் நாட்டில் நெகட்டிவ் ரத்தம் நூற்றில் ஐந்து பேருக்கு இருந்தால் அதிகம். முதல் இரண்டு பை போன பிறகு, அவனுடைய சொந்த குரூப் பார்த்து அந்த குரூப்பையே அனுப்புவோம். கையோடு பிளாஸ்மாவும் போக வேண்டும். வெறும் சிவப்பணுவாகவே ஏற்றிக்கொண்டிருந்தால் ரத்தம் உறையும் சக்தி நீர்த்துப்போய், தைக்கத் தைக்க ஒழுகும். சிவப்பணு ஒன்றுக்கு பிளாஸ்மா ஒன்று, பிளேட்லெட் ஒன்று என்ற கணக்கு இப்போது எல்லா பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பழகிவிட்டது. ஆனால் பிளாஸ்மா கல் மாதிரி உறைந்து கிடக்கும். 37 டிகிரி தண்ணீரில் போட்டு இளக்க இருபது, இருபத்தைந்து நிமிடம். அவசரத்தில் மேஜையில் தட்டினால் பை விண்டுவிடும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். “பிளாஸ்மா ஆச்சா?” “இளகுது சிஸ்டர்.” “எவ்ளோ நேரம்?” “இளகுது சிஸ்டர்.” தண்ணீர்த் தொட்டியின் மேல் குனிந்து அந்த மஞ்சள் கட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அந்தப் பையனுக்கு ஒன்பது பை போனது. பிழைத்தான். அதில் இரண்டு, நோன்பு திறந்துவிட்டு வந்தவர்கள் கொடுத்தது. சாராயக் கடையிலிருந்து வந்தவனுக்கு நோன்பாளியின் ரத்தம். பையின் நம்பரைப் பதிவேட்டில் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கெல்லாம் பல வருடம் முந்தைய ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். அப்போது நான் வேறொரு இடத்தில் இருந்தேன். ஆடி மாதம், நெடுஞ்சாலையில் ஒரு பஸ் விபத்து. ராத்திரி இரண்டு மணிக்குக் கேஷுவாலிட்டி நிரம்பியது. விடிவதற்குள் பதினொரு பை போனது. காலை ஏழு மணிக்குள் ‘எல்லா குரூப்பும் அவசரம்’ என்று வாட்ஸ்அப்பில் யாரோ போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. ஒன்பது மணிக்கு வாசலில் இருநூறு பேர். ஆம்பூரிலிருந்து ஷூ கம்பெனிப் பையன்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டாரே வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையின் தம்பி நெற்றியில் சந்தனம் காயாமல்.

எனக்குக் கண்ணில் தண்ணீர். யாரையும் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. பெரியவர் ஒருவர், எங்கள் சீனியர் டெக்னீஷியன், “பேரும் நம்பரும் மட்டும் வாங்கி வைப்பா, இருபது பேர் போதும்” என்றார். நான் கேட்கவில்லை. “இவ்வளவு தூரம் வந்தவங்கள எப்படிண்ணா போகச் சொல்றது?” அன்றைக்கு 64 பை எடுத்தோம். கட்டில் போதாமல் ஓபி பெஞ்சில் படுக்க வைத்தோம்.

அந்த 64 பையில் ஒன்றுகூட அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்கு அன்று போகவில்லை. போக முடியாது. எடுத்த ரத்தத்துக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் பார்க்க வேண்டும், சிவப்பணுவைப் பிரிக்க வேண்டும், பாதி நாள் ஓடிவிடும். ராத்திரி அவர்களைக் காப்பாற்றிய பதினொரு பையும் அதற்கு முந்தைய வாரம் எவனோ ஒருத்தன் காலேஜ் முகாமில் பிஸ்கட்டுக்கும் ஜூஸுக்கும் ஆசைப்பட்டுக் கொடுத்தது.

ஆவணியில் காலாவதித் தேதி வந்தது. அதிலும் ஏபி பாசிட்டிவ் பைகள்தான் முதலில். ஏபி சிவப்பணுவை ஏபிக்காரருக்கு மட்டுமே ஏற்ற முடியும், அவர்களே குறைச்சல். ஒவ்வொன்றாக நம்பரைப் படித்து, பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு, நீராவியில் கிருமி கொன்று கழிக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பினேன். பதினேழு பை. அதில் ஒன்றின் லேபிளில் என் கையெழுத்து ஆடியிருந்தது. சந்தனம் வைத்த பையனுடையது, நன்றாக நினைவிருந்தது. சீனியர் அண்ணன் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அதோடு முடியவில்லை. ஒரு முறை கொடுத்த ஆண் 90 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம், பெண் என்றால் 120 நாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகிற கூட்டம், வார்டில் டெங்கு, ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை. என்னிடம் 64 நம்பர் இருந்தது. 64 பேரும் கணக்குப்படி கொடுக்கக் கூடாதவர்கள்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகும் இதுதான் நடந்தது என்று பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். லட்சக்கணக்கில் வரிசையில் நின்று கொடுத்தார்கள்; காயம்பட்டவர்களுக்குச் செலவானது 260 பைக்கும் குறைவு. வகுப்பில் எல்லோரும் ‘அப்படியா’ என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எல்லாப் பேரிடரும் ரத்தம் கேட்பதில்லை என்பதையும் இங்கேதான் கற்றுக்கொண்டேன். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து 9 பேர், அதில் நாலு பேர் குழந்தைகள். இரண்டு முறையும் செய்தி கேட்டவுடன் போன் வந்தது, ‘ரத்தம் வேணுமா சார், எந்த குரூப்?’ என்று. வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. இறந்தவர்களுக்கு ரத்தம் தேவையில்லை என்பதை எந்தத் தமிழில் சொல்வது? அந்த நவம்பரில் எங்களை வதைத்தது காயம்பட்டவர்கள் அல்ல, பாலாறு. அத்தனை வருடமாக மணலாகவே பார்த்த ஆறு, கரை முட்டிப் போனது. சாலை துண்டானதில் முகாமுக்குப் போன எங்கள் வண்டி பாதி வழியில் திரும்பியது.

கொரோனா இரண்டாவது அலையில் இன்னொரு விதம். 2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி. எங்கள் டோனர்கள் எல்லோரும் அந்த வயதுதான். ஊசி போட்டவர்கள் 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று விதி. ஊசி போடாதே என்று சொல்ல முடியுமா? ‘ஊசிக்கு முன்னால் ஒரு தடவை வந்துட்டுப் போங்க’ என்று போன் போட்டுக் கெஞ்சினோம். அந்த மாதத்திலேயே அதை 14 நாளாகக் குறைத்தார்கள். அதே நாட்களில் வாசலில் வேறொரு கூட்டம், கொரோனாவிலிருந்து தேறியவர்களின் பிளாஸ்மா கேட்டு. அது பலன் தரவில்லை என்று 2020-லேயே மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் ஆய்வில் தெரிந்திருந்தது. சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்தது 2021 மே 17-ல்தான். அதுவரை எத்தனை பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைந்திருப்பார்கள். அந்த அலைச்சலில் பத்தில் ஒரு பங்கை சாதாரண ரத்தத்துக்கு யாராவது அலைந்திருந்தால், என்று நினைத்துக்கொள்வேன். நியாயமில்லாத நினைப்புதான்.

அந்த வருட டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை, தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. நல்ல திட்டம், மறுபேச்சில்லை. முன்பெல்லாம் பணத்துக்கு ஆள் வரும் வரை இழுபடும் கேஸ்கள் இப்போது நேராக உள்ளே போகின்றன. அதனால் ரத்தமும் சீக்கிரம் ஏறுகிறது. சொந்தக்காரர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆறு பை போயிருக்கும். பதிலுக்குக் கொடுக்க ஆள் வந்தால் வந்தது.

இப்போது என்னிடம் ஒரு நீண்ட நோட்டு இருக்கிறது, மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி சிவப்பு அட்டை. எங்கேயாவது விபத்து நடந்து கூட்டம் வந்தால், இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை. மற்றவர்களின் பெயர், குரூப், நம்பர் மட்டும். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். “வேலைய வுட்டுட்டு வந்துகிறோம், வேணான்றியே” என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஓ நெகட்டிவ் தட்டில் ஒன்றுதான் இருந்தது. நோட்டைப் பிரட்டி, சத்துவாச்சாரி பையன் ஒருத்தனுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே பதறினான்.

“அண்ணா, இன்னாண்ணா ஆச்சு? எங்க ஆக்சிடென்ட்?”

“ஆக்சிடென்ட்லாம் இல்லபா. ஸ்டாக் கம்மியா இருக்கு. இன்னைக்கு வர முடியுமா?”

“யாருக்குண்ணா வேணும்?”

“இப்போதைக்கு யாருக்கும் இல்ல.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கிரைண்டர் ஓடுவது கேட்டது.

“யாருக்கும் இல்லன்னா எதுக்குண்ணா?” என்றான். அப்புறம் அவனே, “சரி, மாவு அரைச்சு முடிச்சிட்டு வரேன். ஆறு மணிக்கு இருப்பீங்களா?”

இருப்பேன் என்றேன்.